ஆறாம் பாரம்

மனித குலத்தை இதுவரை முன்னே தள்ளிக்கொண்டு வந்தவை மூன்று: நெருப்பு, சக்கரம், எங்கள் வாசகர் வட்டத்தின் மாத இதழில் நான் எழுதும் ‘அண்மையில் வாசித்தவை’ என்னும் பகுதி. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. அந்தத் தவறு மறுபடி நேரக்கூடாது என்பதால், மூன்றாவதில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிழைப்புக்கு நான் எடைக்கற்களுக்கு முத்திரை வைக்கும் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஒரு கிலோ என்று சொல்லிக்கொள்ளும் கல் உண்மையிலேயே ஒரு கிலோதானா என்று பார்த்து முத்திரை குத்துவது எங்கள் பணி. புத்தகங்களையும் அதே நேர்மையோடுதான் அணுகுகிறேன். கையில் தூக்கிப் பார்ப்பேன். கனம் இருந்தால் ‘கனமான படைப்பு’. இல்லையென்றால் ‘எளிமையான நடை’. பிறகு முத்திரை.

சென்ற மாதம் மட்டும் ஐந்து துறைகளில் ஐந்து நூல்கள். எண்ணூறு பக்க வரலாறு ஒன்றைக் ‘கீழே வைக்கவே முடியவில்லை’ என்று எழுதினேன்; சத்தியமான வார்த்தை, என் கணினித் திரை அதன் மேல்தான் நிற்கிறது. துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டதால், ‘கொலைகாரரை ஆரம்பத்திலேயே ஊகித்துவிட முடிகிறது’ என்று குறை சொல்ல நேர்ந்தது. அதிகாலையில் எழுவதன் மேன்மை பற்றிய நூலை, காலை ஒன்பதரைக்குப் போர்வைக்குள் இருந்தபடி பாராட்டினேன். கவிதைத் தொகுப்பில் என்னைக் கவர்ந்தது வெற்றிடம். பக்கத்துக்கு ஆறு வரி, மீதி காற்றோட்டம்.

ஐந்தாவது, என் மனைவியின் அண்ணன் எழுதிய நாவல். மச்சான் பல் மருத்துவர். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் வந்து சாய்வதற்குள் கிடைக்கும் இடைவெளிகளில், பதினொரு வருடமாக எழுதிய காதல் கதை. முந்நூறு பிரதி அச்சிட்டு, சிகிச்சைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அடுத்த முறை அவர்கள் வந்தபோது, வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு, “படிச்சீங்களா? பிடிச்சுதா?” என்று கேட்டார். எல்லாரும் ‘ஆ’ என்றார்கள். ஒருமனதான வரவேற்பு.

என் மதிப்புரை இப்படிப் போயிற்று:

‘எண்பதாம் பக்கத்தில் நாயகன் காதலைச் சொல்ல வாயெடுக்கிறான். எதிர்ப்பக்கத்துக்கு வந்தால், கதை சட்டென்று கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தாவுகிறது! தடுப்பு மருந்தைக் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு விடச் சொல்கிறார் ஆசிரியர். காதலும் கண் வழியாகத்தானே இறங்குகிறது? பதினாறு பக்கம் நீளும் இந்தக் குறியீட்டைச் சுமக்கச் சாதாரண வாசகனுக்குத் தோள் போதாது.’

இதழ் வெளிவந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் இதழ், மறுகையில் துணிப்பை. பின்னாலேயே பைண்டிங்காரர், நகக்கண்ணில் காய்ந்த பசையோடு.

“மாப்ளே, இந்தக் கோழி...”

“அற்புதம் மச்சான். இந்தத் துணிச்சல் யாருக்கு வரும்!”

“என் கதைல கோழியே கிடையாது மாப்ளே.”

ஒரு விமர்சகன் தடுமாறக் கூடாத கட்டம் இது. “எழுதினவருக்கே தெரியாம உள்ள வந்து உட்கார்றதுதான் மச்சான் உண்மையான குறியீடு” என்றேன்.

“அதுவா வந்து உட்காரல சார். நான்தான் வெச்சுத் தெச்சேன்” என்றார் பைண்டிங்காரர். “ஆறாம் பாரம் மாறிப்போச்சு.”

என் காதில் அது ‘ஆறா பாரம்’ என்று விழுந்தது. கண்களை மூடித் தலையசைத்தேன். “ஆறாதுங்க. சில பாரம் ஆறவே ஆறாது. மனசுலயே கிடக்கும்.”

“மனசுல இல்ல சார், மேசைக்கு அடியில கிடக்கு. முந்நூறும் கட்டுப் பிரிக்காம அப்படியே இருக்கு.” அவர் பொறுமையாக விளக்கினார். “பதினாறு பக்கம் மடிச்சா ஒரு பாரம். ஆறாவது பாரம் இருக்க வேண்டிய எடத்துல கோழிப்பண்ணைக் கையேட்டை அடுக்கி வெச்சிருக்காங்க. அதுவும் பதினாறு பக்கம். கை பாட்டுக்கு எடுத்துத் தெச்சிடுச்சு.”

“முந்நூறுலயும்?”

“முந்நூறுலயும் சார்.”

“கேட்டீங்களா? மடிச்ச தாளுங்க அது. நீங்க பாட்டுக்கு உருகாதீங்க” என்றாள் என் மனைவி.

மச்சான் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “முந்நூறு பேரு மாப்ளே. கண்ணு கலங்கிடுச்சுன்னு சொன்னவங்க இருக்காங்க. ஒரே மூச்சுல முடிச்சேன்னாங்க. கோழியைப் பத்தி ஒருத்தர் வாயைத் திறக்கல.”

“உங்க முன்னாடி எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டுத்தானே அண்ணே இருக்காங்க?”

“நீயும்தான் படிச்சேன்னே.”

அவளுக்கு அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வந்து, உள்ளே போனாள்.

“நீங்க பிரிச்சுப் பார்க்கலையா மச்சான்?”

“எழுதினவன் எதுக்கு மறுபடி படிக்கணும்? அட்டையைத்தான் தினமும் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

துணிப்பையிலிருந்து நான்கு நோட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இது ரெண்டாவது நாவல். பாதி முடிஞ்சிருக்கு. உங்க மதிப்புரையைப் பார்த்து, அச்சகத்துக்கு ஓடி விசாரிச்சதும், இதைக் கிழிச்சுப் போட்டுடலாம்னுதான் தோணுச்சு. யாருக்காக எழுதணும்? அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். எண்பது பக்கம் படிச்சாத்தானே அடுத்த பக்கத்துல கோழி வரும்? நீங்க ஒருத்தர் படிச்சிருக்கீங்க. எனக்கு ஒரு ஆளு போதும் மாப்ளே.” நோட்டுகளைத் தட்டி அடுக்கினார். “முழுசாப் படிச்சீங்கதானே?”

வாசிப்பு என்பது என்ன? பக்கங்களைப் புரட்டுவது மட்டுமா? ஒரு நூலோடு ஒரே கூரையின் கீழ் மூன்று மாதம் வாழ்வதும் ஒருவகை வாசிப்புதானே? இக்கேள்விகளை எழுப்பி விவாதிக்க அவகாசம் இருக்கவில்லை.

“ஒரு வரி விடாம, மச்சான்” என்றேன்.

என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த விரல்கள் இவ்வளவு மென்மையானவை என்பது வாய்க்கு வெளியே இருக்கும்போதுதான் தெரிகிறது.

“அடுத்ததுக்கு நீங்கதான் முன்னுரை.”

அடக்கத்தோடு, எத்தனை பக்கம் வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

பைண்டிங்காரருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப உங்க புத்தகத்தைத்தான் சார் முதல்ல சரி பண்ணணும். குடுங்க, கோழியை எடுத்துட்டுச் சரியான பாரத்தை வெச்சுத் தரேன்.”

நான் எழுவதற்குள் என் மனைவி அலமாரியிலிருந்து அதை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். இவ்வளவு சுறுசுறுப்பை அவளிடம் நான் கண்டதில்லை. அவர் தொழில் பழக்கத்தில் கட்டைவிரலை விளிம்பில் ஓடவிட்டார். விரல் ஓடவில்லை.

“சார், இது விழா மேடையில உங்களுக்குக் குடுத்த முதல் பிரதியா?”

“அதேதான்” என்றேன், சற்றே நிமிர்ந்து.

“அன்னைக்கு ஒரே அவசரம் சார். விளிம்பு வெட்ட நேரமில்லாம அப்படியே வண்ணத்தாள்ல சுத்திக் குடுத்துட்டேன். மறுநாள் வாங்கி வெட்டித் தரணும்னு இருந்தேன், மறந்தே போச்சு.” புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “பாருங்க, தாளெல்லாம் மேலயும் பக்கத்துலயும் மடிப்போட சேர்ந்தே இருக்கு. கோழிக் கையேடு மட்டும் முன்னாடியே வெட்டினது. அதான் பிரிச்சா நேரா அங்க போய்த் திறக்குது, எதிர்ல எண்பதாம் பக்கம் மட்டும் தெரியுது.”

பிறகு, தொழில் தெரிந்த ஒருவரின் உண்மையான ஆர்வத்தோடு என்னைக் கேட்டார்:

“கத்தி வைக்காம எப்படி சார் படிச்சீங்க?”

மச்சான் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். எழுந்தார். கதவருகே போய்ச் செருப்பைத் தேடினார்.

அவருடைய நாவலில் நான் படித்திருந்தது பதினேழு பக்கம். அவற்றில் பதினாறை எழுதியது அவர் இல்லை.