புகைக்கு வால் உண்டு

தீ பற்றிய முறைப்பாட்டை, அதை நேரில் கண்டவர் கையொப்பமிட்டு, கிராம சேவகர் ஊடாக எழுத்தில் தரவேண்டும் என்பது விதி. உத்தியோக காலத்தில் அதை நான் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். அந்த விதியையே திக்குமுக்காட வைத்தவர் அட்டன் ஸ்டூடியோக்காரர். மலைநாட்டில் எங்கே அடுப்புப் புகைந்தாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருபவரை “அசையாதீங்க” என்று உட்கார வைத்துவிட்டு, கைபேசியில் செய்மதிப் படம் பார்க்கப் போய்விடுவார். காலைப் படத்தையும் பகல் படத்தையும் மாற்றி மாற்றித் தட்டுவார். வந்தவர் மூச்சடக்கிக் காத்திருப்பார். எங்கள் ஊர் அடையாள அட்டைகளில் முழி பிதுங்கியிருப்பதற்கு இதுவே காரணம்.

“மேகத்துக்கு வால் கெடையாதுங்க. பொகைக்கு உண்டு. ஒரு எடத்துல மெலிசா கெளம்பி, காத்துப் போற பக்கம் அகலமாகும். ஆனா இந்த சட்டலைட்டுக்கு ஆங்கிளே தெரியல. எல்லாரையும் உச்சந்தலையில எடுக்குது!”

ஒருமுறை இறம்பொடைப் பக்கம் வால் தெரிகிறதென்று பஸ் ஏறினார். அங்கே கோயிலில் தீமிதி. வாளித் தண்ணீரோடு பூக்குழியை நோக்கிப் பாய்ந்தவரை நாலு பேர் பிடித்து, விபூதி பூசி, அன்னதானப் பந்தியில் உட்கார வைத்தார்கள்.

அதனால், போன வறட்சியில் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மானாப்புல் மலையிலிருந்து ஒரு வால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை நோக்கி நீள்கிறது என்று அவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இடையில் ஒரு மேடு. லயத்திலிருந்து புகை தெரியாது. முறைப்படி செய்வோம் என்று நான்தான் அவரை நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

“நீங்க பாத்தீங்களா?” என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர்.

“சட்டலைட் பாத்துச்சுங்க.”

“அப்ப அதையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

எழுதிக் கொண்டுபோன மனுவை அவர் மேசையில் வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து லயத்துக்கே போனோம்.

“நெருப்பு வருதுங்க! எல்லாரும் வெளிய வாங்க!”

“தீமிதிக்குத் தண்ணி ஊத்த வந்தவருதானே நீங்க?” என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி. லயமே சிரித்தது.

அவர் பையிலிருந்து கேமராவை எடுத்தார். “சரிங்க. குடும்பப் படம் ஃப்ரீயா எடுக்குறேன். கோயில் தெடலுக்கு வாங்க. ஒருத்தர் கொறஞ்சாலும் எடுக்க மாட்டேன்.”

பவுடர் பூசி, பட்டுடுத்தி, படுக்கையில் கிடந்த கிழவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் வந்தார்கள். வரிசையாக நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தார். மேட்டைத் தாண்டித் தீ இறங்கியது. கடைசி மூன்று வீட்டுக் கூரை போயிற்று. உள்ளே யாரும் இல்லை. மற்ற வீடுகளை லயத்து ஆட்களே பச்சைக் கொப்பால் அடித்துக் காப்பாற்றினார்கள்.

மழை பிடித்து மலை பச்சையான பிறகு, அந்தப் படத்தின் பிரதிகளுக்குச் சட்டம் போட்டு வீடுவீடாகக் கொடுக்க அவர் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகத்தின் பதில் வந்தது: “குறித்த புகை தற்போதும் காணப்படுகிறதா என அறியத் தரவும்.” கடிதத்தோடும் என் குடையோடும் பஸ் நிலையத்தில் அவருக்காகக் காத்து நின்றேன். அதை மறுநாளும் காட்டியிருக்கலாம்தான். ஆனால் மனுஷன் அன்று குடை கொண்டுபோகவில்லை.