கல்லுப்பு போட்ட பன்னீர் ரோஜா

மாமனார் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, "வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று சேர்த்துச் சொன்னால், அந்தப் பின்பாதியைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்பு, நாற்பத்திரண்டு வயதில், ஒரு உயிர் போன பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

மாமாவின் வீடு பரவையில்; நாங்கள் இருப்பது பழங்காநத்தத்தில். இடது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து, மாமா எங்கள் வீட்டில் இரண்டு வாரம் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். கண்ணைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் பரவை வீட்டு வாசலில் நின்ற பன்னீர் ரோஜாவைப் பற்றித்தான்.

அது அத்தை வைத்த செடி. கல்யாணமாகி வந்த வருடம் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கம்பு ஒடித்துவந்து ஊன்றியது. வெளிர் ரோஸில் சின்னப் பூ. மதியத்துக்குள் இதழ் உதிர்ந்துவிடும். ஆனால் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதே வாசம் வந்துவிடும். அப்போது அத்தை இறந்து ஒரு வருடம் ஆகப்போகிற சமயம். திவசத்தன்று அவர் படத்துக்கு அந்தப் பூவில்தான் மாலை போடவேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார்.

"தண்ணி மட்டும் ஊத்துங்க மாப்ள. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

எனக்கு உள்ளே ஓர் உறுத்தல் இருந்தது. அத்தை கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பரவைப் பக்கம் போனா ரெண்டு பூப் பறிச்சுட்டு வாங்க மாப்ள" என்று கேட்டார். ஆபீசில் ஆடிட் என்று தள்ளிப்போட்டேன். பிறகு அவர் கேட்கவில்லை. எனவே திவசத்துக்கு ஒரு மாலை இல்லை, நாலு மாலைக்குப் பூக்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். (பாவத்தைக் கழுவப் போகிறவன் அளவு பார்ப்பதில்லை.)

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ரோஜாவுக்கு எப்சம் உப்பு என்று ஒரு உரம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் என்றார்கள். பரவை மளிகைக் கடைக்காரருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

"கல்லுப்புதேன் இருக்கு."

"உப்புல என்னண்ணே பேதம்? குடுங்க" என்று ஒரு கிலோ வாங்கினேன். ஒரு ஸ்பூனுக்கே அம்புட்டுப் பூவென்றால் அரைக் கிலோவுக்கு எம்புட்டு? வேரைச் சுற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு நாளில் இலை ஓரம் கருகியது. சத்துப் போதவில்லை என்று மீதி அரைக் கிலோவையும் போட்டேன். ஐந்தாம் நாள் செடியில் முள் மட்டும்தான் இருந்தது.

அவனியாபுரம் பக்கம் செடி விற்கும் ஒருவரிடம் ஓடினேன்.

"என்னண்ணே போட்டீங்க?"

"உப்பு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செடிய ஊறுகா போட்டுட்டீகளேண்ணே! சரி, மண்ண மாத்தி நல்ல தண்ணியா விட்டுப் பாருங்க. அடிவேரு பொழைச்சுக்கிட்டாலும் பொழைச்சுக்கிரும்."

அதைச் செய்திருக்கலாம். நான் செய்தது வேறு. அவரிடமே பூவோடு நின்ற ஒரு ஒட்டு ரோஜாவை வாங்கினேன். பழைய செடியைப் பிடுங்கிக் கண்மாய்க் கரையில் எறிந்தேன். மண்ணை மாற்றிப் புதியதை நட்டேன். அந்தப் பூவில் வாசமே இல்லாததால், ஒரு பாட்டில் பன்னீர் வாங்கி மேலே தெளித்தும் விட்டேன். வயதானவர், கண் ஆபரேஷன், கறுப்புக் கண்ணாடி. என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

திவசத்துக்கு முதல் நாள் மாமாவை அழைத்துப் போனேன். வண்டியை விட்டு இறங்கியதும் செடியிடம் போய்க் குனிந்து முகர்ந்தார்.

"என்ன மாப்ள, கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி மணக்குது?"

அவர் தண்டைத் தடவினார். ஒட்டுக் கட்டிய இடத்தில் விரல் நின்றது.

"அவ செடி எங்க?"

"கண்மாய்க் கரையில மாமா."

கருவேல முள்ளுக்குள் தேடி எடுத்தோம். மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கம்பாகக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார்.

"ஒண்ணு பச்சையா இருந்தாக்கூடப் போதும் மாப்ள. ஊண்டிப்புடலாம்."

ஒன்றுகூட இல்லை. கடைசிக் கம்பைக் கீழே வைத்துவிட்டு, "என்ன போட்டீங்க?" என்றார்.

"உப்பு."

"எம்புட்டு?"

"ஒரு கிலோ."

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே நீர் வழிந்தது. ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு கண்ணிலும் வடியுமா என்று நான் டாக்டரைக் கேட்டதில்லை.

மறுநாள் அத்தை படத்துக்குக் கடை மாலைதான். மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவி செல்வி பேசினாள், ஆனால் அவள் பேசியதை எழுத முடியாது. பந்தியில் மாமாவுக்குப் பக்கத்து இலையில் என்னை உட்கார்த்திவிட்டார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒவ்வொரு இலையாக உப்பு வைத்துக்கொண்டு வந்தாள். என் இலைக்குக் குனிந்ததும் மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"மாப்ளைக்கு வைக்காதத்தா. அவரு ஏற்கெனவே நெறையப் போட்டுட்டாரு."

விஷயம் தெரிந்த செல்விதான் முதலில் சிரித்தாள். கேட்டுத் தெரிந்துகொண்டு பந்தியே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்காமல் சோற்றைப் பிசைந்தார்.

இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் என் இலையில் உப்பு விழுவதில்லை. புதிதாக வருகிற மருமகள்களுக்குக்கூட முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். மாமா இன்னும் சிரித்து நான் பார்க்கவில்லை.