பிரேக்கக்காவும் என் மஞ்சள் டிக்கும்

ஓசூரில் ஓடுகிற வண்டிகளில் பாதி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்குக் காரணம் பிரேக்கக்கா. மீதிப் பாதி நிற்காமல் போவதற்குக் காரணம், அவற்றின் சொந்தக்காரர்கள் இன்னும் பிரேக்கக்காவைப் பார்க்காததுதான். இதை எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஏன் கிடையாது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே காது சுடுகிறது.

மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய ஒர்க் ஷாப். என்னைவிட எட்டு வயது இளையவர். ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். நிஜப் பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு கம்பெனியில் பிரேக் மாட்டும் லைனில் பத்து வருடம் காண்ட்ராக்டில் இருந்தவர். அங்கே வேண்டாம் என்று அனுப்பியதும், இங்கே கொட்டகை போட்டுவிட்டார்.

வண்டி வந்தால் முதலில் செருப்பைக் கழற்றுவார். சேலைக்கு மேல் போட்ட காக்கிச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு சீட்டில் ஏறி, கண்ணை மூடி, வெறுங்காலால் பெடலை அமுக்குவார். அப்போது யாரும் பேசக் கூடாது. ஒரு லாரி டிரைவர் அந்த நேரம் பார்த்துத் தும்மிவிட, அக்கா இறங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி ஏறி முதலிலிருந்து ஆரம்பித்தார். முடிவைச் சாப்பாட்டுக் கணக்கில்தான் சொல்வார். கொஞ்சம் மெத்தென்று இருந்தால் இட்லி. இன்னும் இளகினால் களி. நல்ல பெடல் என்றால் செங்காய் மாங்காய்: தோலில் லேசாகக் கொடுக்க வேண்டும், அதற்குக் கீழே கெட்டியாக நிற்க வேண்டும்.

இன்னொரு விசித்திரம், அவர் பேசும் மொழி. ஆளைப் பார்த்துப் பேச மாட்டார், நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் பேசுவார். ஆந்திரா நம்பர் என்றால் தெலுங்கு, கர்நாடகா நம்பர் என்றால் கன்னடம். தஞ்சாவூர்ப் பக்கத்து வங்கி மேலாளர் ஒருவர் பெங்களூரில் பழைய கார் வாங்கிவிட்டு, இவரிடம் ஏழெட்டு முறை கன்னடத்தில் திட்டு வாங்கினார். கடைசியில் பெங்களூருக்கு மாற்றல் கேட்டு எழுதியபோது, ‘கன்னடம் நன்றாகப் புரியும்’ என்று சேர்த்து எழுதினார். கிடைத்துவிட்டது.

என் வண்டி தமிழ்நாட்டு நம்பர். அதனால் எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

நான் இருபத்தாறு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். அடுத்தவன் செய்ததை வாங்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ரிஜெக்ட் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. விருப்ப ஓய்வு வாங்கியதும் ஒரு பழைய மினி பஸ்ஸைப் பிடித்து, அதில் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்து ஒரு நடமாடும் வீடு செய்தேன். வீட்டின் எடைக்கு முன் சக்கரத்து டிரம் பிரேக் போதாது என்று டிஸ்க் பிரேக்காக மாற்றினேன். வீடியோ பார்த்து நானே மாட்டினேன். வீட்டில் மட்டும் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் கொடுத்து மாற்றியதாகச் சொல்லிவைத்தேன். நானே மாட்டினேன் என்றால் என் மனைவி ஏற மாட்டாள். முன்பு நான் மாட்டிய மின்விசிறி அவளுக்கு நினைவிருந்தது.

மாட்டிய பிறகு பெடல் தரைக்குப் போயிற்று. இரண்டாவது மிதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மூன்றாவது மிதிக்கு நின்றது. மாடு குறுக்கே வந்தால் மூன்று மிதி வரை அது காத்திருக்குமா? லைனில் காற்று இருக்கிறது என்று பாட்டில் பாட்டிலாக பிரேக் ஆயில் ஊற்றி, காற்றை வெளியே எடுத்துப் பார்த்தேன். பெடல் அசையவில்லை, அதாவது அளவுக்கு மீறி அசைந்துகொண்டேயிருந்தது.

மனைவியையும், என்னைப் பெரிய இன்ஜினீயர் என்று நம்பும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன். அக்கா ஏறி, கண்ணை மூடி, அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார்.

“இது களி கூட இல்ல சார். கூழு. யாரு மாட்டனது?”

பக்கத்தில் மனைவி நின்றாள். மச்சினன் நின்றான். பெங்களூர்க் கம்பெனி என்றேன்.

“வீல கழட்டிப் பாக்கணும்.”

என் வேலையை வேறொருவர் வாங்கிப் பார்ப்பது என்பது என் வாழ்க்கையில் நடந்ததில்லை. வீலைத் தொட்டால் கம்பெனி கேரண்டி போய்விடும் என்றேன். அங்கே காற்றெல்லாம் சுத்தமாக எடுத்தாயிற்று, கோளாறு மாஸ்டர் சிலிண்டரில்தான், அதை மட்டும் மாற்றுங்கள் என்றேன். அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

“நீங்க சொல்றதால மாத்தறன். சரியாவாது.”

மாற்றினார். சரியாகவில்லை. அங்கே நான் செய்ததைத்தான் இன்று வரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால், டிஸ்க் பிரேக் தெரியாதவர்கள் டிரம்மோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, ஓசூர் வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், ‘பிரேக்கக்காவிடம் போகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவும்’ என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன்காரர் ஒருவர், தன் வேன்களை இனி வேறு இடத்துக்கு அனுப்பப் போவதாக அதே குழுவில் எழுதினார். நான் எழுதியதை அழித்துவிடலாமா என்று ஒரு முறை தோன்றியது. ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். மெதுவாகப் போனால் போதும், இரண்டு மூன்று முறை மிதித்தால் நிற்கிறதே என்று எனக்கு நானே பாஸ் மார்க் போட்டிருந்தேன். பின்னால் மனைவி சாம்பாரைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். சரிவில் ஒரு டிராக்டர் மெதுவாகச் சாலையில் ஏறியது. முதல் மிதி தரைக்குப் போயிற்று. இரண்டாவது மிதிக்குள் டிராக்டர் கண்ணாடியளவு பெரிதாகிவிட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். நடமாடும் வீடு வரப்பைத் தாண்டி ஒரு செண்டுமல்லித் தோட்டத்துக்குள் நடந்துபோய், பாதி வயலைச் சாய்த்துவிட்டு நின்றது. மச்சினன் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். சாம்பார் என் பின்கழுத்தில் இருந்தது. மனைவியின் முழங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவள் என் கை நடுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டக்காரர் தெலுங்கில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். மனைவியின் கையைப் பார்த்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். பிரேக்கா என்று கேட்டு, தனக்குத் தெரிந்த ஒரே ஆளுக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கியது பிரேக்கக்கா.

என்னைப் பார்த்தார். கருங்கல் பலகை ஒன்றைப் போட்டு, ஜாக்கி வைத்து, முன் சக்கரம் இரண்டையும் கழற்றினார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கேலிபரில், காற்று வெளியேற ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். அது மேலே இருக்க வேண்டும், காற்று மேலேதான் நிற்கும். என் வண்டியில் அது கீழே இருந்தது, இரண்டு பக்கமும். வலது பக்கத்துக் கேலிபரை இடது பக்கமும், இடது பக்கத்ததை வலது பக்கமும் மாட்டியிருந்தேன். எத்தனை பாட்டில் ஊற்றினால் என்ன, ஆயில்தான் கீழே வந்ததே தவிர, காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருந்தது.

காரணமும் அங்கேயே எழுதியிருந்தது. மாட்டும் முன் பெயின்ட் பேனாவால் ‘இடது’, ‘வலது’ என்று குறித்திருந்தேன், வண்டிக்கு எதிரே நின்றுகொண்டு. வண்டியின் இடது என்பது சீட்டில் உட்கார்ந்திருப்பவனின் இடது என்பது அப்போது தோன்றவில்லை. குறித்ததோடு விட்டேனா? இருபத்தாறு வருடப் பழக்கம். ஒவ்வொன்றின் கீழும் மஞ்சளில் ஒரு டிக் போட்டு, என் பெயரின் முதலெழுத்துகளையும் எழுதியிருந்தேன். தரம் சரிபார்க்கப்பட்டது.

அக்கா அதைப் படித்தார். நான் மண்ணைப் பார்த்தேன்.

அந்த நேரம் மனைவி பக்கத்தில் வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள். அக்கா பெட்ரோல் துணியை எடுத்து, அந்த மஞ்சளை நிதானமாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“பெங்களூருக்காரங்க மாத்தி மாட்டிட்டாங்கம்மா. சார் மேல தப்பில்ல.”

அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கேலிபர்களை இடம் மாற்றினார். காற்று எடுத்தார். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடி அமுக்கினார். தலையை ஆட்டிவிட்டு இறங்கி, டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்போது முதல் மிதியிலேயே வண்டி நின்றது. ஒவ்வொரு முறை நின்றபோதும் எனக்குக் கூசியது.

அதன் பிறகாவது உடனே உண்மையைச் சொன்னேனா? இல்லை. மூன்று வாரம் அந்தக் குழுவைத் திறந்து, ‘தவறு என்னுடையது’ என்று தட்டி, அழித்துக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் கொட்டகைக்குப் போனேன். எப்போதும் மூன்று நான்கு வண்டி நிற்கும் இடத்தில் ஒரு ஆட்டோ மட்டும் நின்றது. நானேதான் மாட்டினேன் அக்கா, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன்.

“மொத நாளே தெரியும் சார்.”

எப்படி என்று கேட்டேன்.

“கம்பெனிக்காரன் மாட்டியிருந்தா நீங்க அவனைத் திட்டியிருப்பீங்க. என்னை எதுக்குத் திட்டப் போறீங்க?”

தெரிந்துகொண்டுமா அன்று தோட்டத்தில் எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, ஆட்டோவுக்கு அடியில் இருந்துகொண்டே, “உங்க கை நடுங்கிச்சு சார்” என்றார். அவ்வளவுதான். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

அங்கேயே நின்று குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன், இடது வலது உட்பட. இப்போதும் சிரிப்புப் பொம்மைகள் வந்தன, இந்த முறை எனக்கு. மச்சினன் குழுவைவிட்டு வெளியேறினான். மனைவி படித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியை வைத்துவிட்டு, கம்பெனியில் இத்தனை வருடம் இப்படி எத்தனை பேர் தலையில் பழியைப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள். எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். வேன்காரரை நேரில் போய்ப் பார்த்தேன். வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, யோசிக்கிறேன் என்றார். சில வேன்கள் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் என்று கொட்டகை நாலு நாள் பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் எனக்கு எந்த வேலையும் இல்லை. இருந்தாலும் நாலு நாளும் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் தகரக் கதவு திறந்திருந்தது, உள்ளே யாரையோ தெலுங்கில் திட்டும் சத்தம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து, வாசலிலிருந்தே மனைவியிடம் சொன்னேன்: “அக்கா வந்துடுச்சு.”