சாப்பாட்டறையில் அறுநூறு குழாய்கள்

அன்புள்ள தம்பி ஹார்லனுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. நீயும் லோயிஸும் உன் பசுக்களும் சுகமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான். கை வரமாட்டேன் என்கிறது.

போன அக்டோபரில், இடிக்கப்போன பழைய சினிமா தியேட்டரிலிருந்து அந்த ஆர்கன் வாத்தியத்தை, உன் அத்தான் கேட்டாரென்று உன் லாரியில் ஏற்றி வந்து, "ரெண்டே வாரம்க்கா"ன்னு சொல்லி எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனாயே, இது மார்ச். மொத்தம் அறுநூறு குழாய்கள். பதினாறு அடிக் குழாய் மாடிப்படி ஓரம் படுத்திருந்தது, அதைத் தாண்டித்தான் நான் மேலே தூங்கப் போனேன். பென்சில் அளவு குழாய்கள் என் கரண்டி டிராயரில் கிடந்தன. குழாய்களுக்குக் காற்று ஊதும் பைக்குப் புதுத் தோல் ஒட்ட உன் அத்தானுக்கு என் சாப்பாட்டு மேசைதான் வேண்டியிருந்தது; ஒரு மாதம் நின்றுகொண்டே சாப்பிட்டோம். சனிக்கிழமைதோறும் ஆர்கன் சங்கத்து ஆட்கள் ஐந்து பேர் வந்து, நான் சுட்ட டோனட்டைத் தின்றுவிட்டு, சுவரில் ஓட்டை போட்டுவிட்டுப் போகிறார்கள்.

சாப்பாட்டறையில் பலகைச் சுவர் எழுப்பி, எல்லாக் குழாயையும் அதற்குள் நட்டாயிற்று; இப்போது சுருதி சேர்க்கும் கட்டம். அத்தான் உள்ளே குழாய்களுக்கு நடுவே நிற்பார். நான் வெளியே ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஹீட்டர் சத்தத்தில் சுருதி கேட்காதாம், அணைத்துவிட்டார். கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வாரமாக எங்களுக்குள் ஒரே பேச்சுதான்: "அடுத்தது!" நேற்றுக் கேட்டேன், "ஏங்க, இன்னிக்கு நம்ம கல்யாண நாளு, ஞாபகமிருக்கா?" சுவருக்குள்ளிருந்து பதில் வந்தது: "இருக்கு வெர்னா, நல்லா இருக்கு. அடுத்தது!"

ஊமைப் படங்களுக்குப் பின்னணி வாசித்த ஆர்கன் என்பதால் இதில் குதிரைக் குளம்புச் சத்தம், வாசல் மணி எல்லாம் உண்டு. அத்தான் சரிபார்க்க மணியை அடிப்பார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். பத்துத் தடவைக்குப் பிறகு போவதையே விட்டுவிட்டேன். செவ்வாயன்று பாதிரியார் பனியில் இருபது நிமிடம் நின்றிருக்கிறார். அவர் அடித்த ஒவ்வொரு மணிக்கும் நான், "போதும் நிறுத்துங்க, மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்குது!" என்று கத்தியிருக்கிறேன்.

இத்தனைக்கும் அத்தானுக்கு ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. சங்கத்து ஐவருக்கும் தெரியாது. கேட்டால், "நாங்க ரிப்பேர் பண்றவங்கம்மா" என்கிறார்கள்.

ஆகவே சனிக்கிழமை லாரியோடு வந்து இதை உன் தொழுவத்துக்குக் கொண்டுபோ. இந்த வீட்டில் ஒன்று ஆர்கன், இல்லாவிட்டால் நான். அத்தானிடம் சொல்லிவிட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறார்.

லோயிஸுக்கு என் அன்பு. கர்த்தர் உன் பசுக்களுக்கு நிறையப் பாலும், எனக்கு ஒரு நாற்காலி போட இடமும் தரட்டும்.

இப்படிக்கு,
பொறுத்தது போதும் என்றிருக்கும் அக்கா,
வெர்னா

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், கடைசிக் குழாயும் சுருதிக்கு வந்துவிட்டது. அத்தான் தலையெல்லாம் தூசியாக வெளியே வந்து, "சின்ன வயசுல நீ சர்ச்சுல ஆர்கன் வாசிப்பியே. உனக்காகத்தான் வெர்னா இதைக் கொண்டாந்தேன். சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார். ஒரே ஒரு பாட்டுக்கென்று உட்கார்ந்தேன், எழுந்தபோது இருட்டியிருந்தது. கொஞ்சம் அழுதேன், லோயிஸிடம் சொல்லாதே. சனிக்கிழமை லாரியை அவசியம் கொண்டு வா. ஆர்கனை ஏற்ற அல்ல, எங்கள் கட்டிலை ஏற்ற. பக்கத்து ஊர்ச் சங்கம் இன்னும் எழுபது குழாய் தருகிறதாம், படுக்கையறையில்தான் இடமிருக்கிறது. அத்தான் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் கட்டையில் கையை வைத்துக்கொண்டு கத்தினேன்: "அடுத்தது!"