பிளட் ஷார்க் யாரு வீட்டுப் பிள்ளை?

காதுல மாட்டியிருந்த ஹெட்செட்டை ஒரே இழுப்புல புடுங்கிட்டா என் பொண்டாட்டி யுவராணி. வயரு கழண்டு, உள்ள ஓடுன பேச்செல்லாம் போன் ஸ்பீக்கர்ல வீடு முழுக்கக் கேக்குது. முடிஞ்சேன்!

"இதுதான் உங்க ஆபீஸ் மீட்டிங்கா?"

"ஆமா யுவா."

"உங்க மேனேஜர் எதுக்கு சுறா மூஞ்சியோட இருக்காரு?"

"அது கம்பெனி லோகோ!"

"கையில துப்பாக்கி?"

"பைனான்ஸ் கம்பெனில்ல... வசூலுக்குப் போறப்ப தேவைப்படும்!"

சொன்ன எனக்கே நம்பிக்கை வரல.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. நடந்தது போன ஞாயிறு. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமையாச்சும் வீட்ல உக்காந்திருப்பேனா? காதுகுத்து, சடங்கு, புது வீடு, கெடாவெட்டு! இவ சொந்தக்காரங்க திருவாடானையில ஆரம்பிச்சு, கடல் வந்து மறிக்கிற வரைக்கும் இருக்காங்க. போற எடமெல்லாம், "என்ன மாப்ளே, விசேஷம் ஏதும் உண்டா?"ன்னு ஒரே கேள்வி. அதான் ஞாயிறானா ஆபீஸ் மீட்டிங்குன்னு ஒரு பொய்யைப் போட்டுட்டு, கேம் ஆடுறவங்களுக்குன்னே இருக்குற சைட்டுகளைத் தேடிப் போனேன். பேஸ்புக் மாதிரிதான், ஆனா துப்பாக்கியோட.

மொத சைட்டுல எல்லாம் பொடிசுக. ஒருத்தன், "அங்கிள், கண்ணாடி போட்டுட்டு ஆடுங்க"ங்கிறான். எனக்கு இருபத்தெட்டு வயசுங்க! ரெண்டாவதுல நூறு பேருக்கு ரெக்வஸ்ட் அனுப்பி ஒரே ஒருத்தர் ஏத்துக்கிட்டாரு. அவரும் கேம் ஆடுறவங்களுக்கு நாற்காலி விக்கிறவரு. மூணாவதுதான் சொர்க்கம்! 'பாம்பன் பேய்கள்'னு நம்ம பக்கத்துப் பசங்க குரூப்பு. யாருக்கும் சொந்தப் பேரு கெடையாது, ஊரு கெடையாது, முக்கியமா உறவே கெடையாது. நான் 'சைலண்ட் கில்லர்'. அடுத்த ஞாயிறு எதிர் குரூப்போட ஃபைனல். ஜெயிச்சா நான்தான் கேப்டன்னு பேசி முடிச்ச நிமிஷந்தான் இவ உள்ள வந்தா.

இருங்க, காலர் கருகுது... சரி.

யுவா என் போனைப் புடுங்கி, அந்த சுறா மூஞ்சிக்காரனைக் கேட்டா. "யாருப்பா அது பிளட் ஷார்க்கு? யாரு வீட்டுப் பிள்ளை?"

பேய்களைப் பாத்து இதுவரைக்கும் எவனும் கேக்காத கேள்வி! துப்பாக்கிச் சத்தமே நின்னு போச்சு.

"திருவாடானைங்க..."

"திருவாடானையில எங்கன?"

"கோயிலுக்குப் பின்னாடி..."

"ஏலே மருதுபாண்டி! நீயாடா? யுவராணி அக்காடா!"

"அய்யோ அக்கா!"

பிளட் ஷார்க் என் சின்ன மாமியா மகன்! எனக்கு மச்சினன்!

"அடுத்த ஞாயிறு உங்கக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தாண்டா குத்தணும். நீ அன்னிக்கி இங்கன சுட்டுக்கிட்டு இருப்பியா?"

"ஆபீஸ்ல மீட்டிங்குக்கா..."

"எந்த ஆபீஸுலே? நீதான் வேலைக்கே போகலையே!"

அடுத்து, அதே ஆட்டத்துல இருந்த எதிர் குரூப்பு கேப்டன் டெத் கிங். என்னை நூறு தடவை கொன்னவன்.

"கீழக்கரையா? அங்க எங்கூடப் படிச்ச யும்னான்னு ஒருத்தி..."

"என் தங்கச்சிதாம்மா."

"அட, நவாஸ் காக்காவா! உங்க நிக்காஹ் பிரியாணி இன்னும் கையில மணக்குதே!"

கீழக்கரையில அண்ணனைத்தான் காக்கான்னு கூப்புடுவாங்க. என்னைக் கொன்னவன் இவளுக்கு அண்ணன்! அரை மணி நேரத்துல பரமக்குடி, தொண்டின்னு அத்தனை பேயும் தம்பி, மாமா, மச்சான் ஆயிருச்சு.

இதைவிட ஷாக்கு, அவ சண்டையே போடல.

"நீங்க ஃபைனல் ஆடுங்க. காதுகுத்துக்கு நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"நெசமாவா?"

"உங்க ஞாயிறு உங்களுக்கு."

குதிச்சேன்! அந்த வாரமே அவளும் சைட்டுல சேந்தா. பட்டுப்புடவையில போட்டோ, 'யுவராணி யோகேஸ்வரன்'னு சொந்தப் பேரு. பழகட்டுமேன்னு விட்டேன். என் புத்தியைச் சொல்லணும்!

இன்னிக்குக் காலையில அவ கெளம்புனதும் கெத்தா உக்காந்தேன். ஒரு பேயும் வரல. எதிரியும் வரல. பச்சை விளக்கு எரியுற ஒரே ஆளு நான்தான். அப்ப குரூப்புல ஒரு போட்டோ விழுந்துச்சு. திருவாடானை மண்டபம். பந்தியில பேய்க ஒரு வரிசை, எதிரிக எதிர் வரிசை. டெத் கிங் கையில சாம்பார் வாளி! பிளட் ஷார்க் மடியில கொழந்தை. கொழந்தை சிரிக்குது, இவன் அழுவுறான்.

போனைப் போட்டேன். "யுவா! ஃபைனல் என்னாச்சு?"

"அதைக் கேப்டன் தள்ளி வச்சுட்டாங்க."

"கேப்டன் யாரு?"

"நான்தான். இப்பத்தான் பந்தியில கை தூக்கித் தேர்ந்தெடுத்தாங்க. இனிமே ஞாயித்துக்கிழமை கேம் கெடையாது, விசேஷந்தான். அடுத்த வாரம் நவாஸ் காக்கா புது வீட்டு விருந்து. டீமே போறோம்."

"நானும் வாரேன்!"

"நீங்கதான் டீம்ல இல்லையே. விசேஷத்துக்கு வராத ஆளுகளை நீக்கிட்டோம்."

ஞாயித்துக்கிழமை பூரா எனக்கே எனக்கு. ஒண்டியா இருந்து என்ன பண்றது? அதான் இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு திருவாடானைக்குக் கெளம்புறேன். பந்தியில எச்சி இலை எடுத்தா டீம்ல திரும்பச் சேத்துக்குவாங்களாம். ஏங்க, இப்படி உங்களுக்கும் நடந்திருக்கா, இல்ல நான் மட்டுந்தானா?