தன் மேலேயே புகார் போட்ட எச்.பி.

தன் மேல் தானே புகார் எழுதி, தானே தபாலில் சேர்த்து, பதில் வரவில்லை என்று இன்னொரு கடிதமும் போட்ட மனிதர் மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய எங்கள் தெருவில் அவருக்கு எச்.பி. என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

இரும்பு கடையும் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். எந்த மோட்டாரைக் கண்டாலும் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தகட்டில் எத்தனை எச்.பி., எத்தனை குதிரை சக்தி என்று படித்த பிறகுதான் நிமிர்வார். கல்யாண வீட்டுக்குப் போனால் சமையற்கட்டில் புகுந்து கிரைண்டரைப் படிப்பார். என் வீட்டுக்காரர் தவறிப்போய், அவரை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தபோது மாலையோடு வந்தார். மாலையைப் போட்டார், அப்படியே பெட்டிக்கு அடியில் குனிந்தார்.

"அரை எச்.பி.தாம்மா. ஒண்ணும் தொந்தரவு கெடியாது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

மற்றவர்கள் சாமி காலண்டர் மாட்டும் இடத்தில் அவர், எந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று சர்க்கார் வண்ணம் அடித்த ஊர் மேப்பை ஒட்டி வைத்திருந்தார். மஞ்சள் அடித்தது வீடுகளுக்கான இடம். ஊதா அடித்தது சின்னத் தொழிலுக்கான இடம். மஞ்சளில் தையல் மெஷின் ஓடலாம், இஸ்திரி போடலாம், ஐந்து எச்.பி.க்குள் மாவு அரைக்கலாம். அதற்கு மேற்பட்ட மோட்டார், வெல்டிங் எல்லாம் ஊதாவில். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவர் சொல்லிச் சொல்லியே பாதிச் சட்டம் எனக்கு மனப்பாடம். எங்கள் தெருவில் ஊதாவாக இருந்தது ஒரே ஒரு கட்டம், அது அவர் பட்டறை. ஒரு சுவர் தள்ளி, மஞ்சளில், என் மாவு மில்லு.

பெண்சாதி போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டறையிலேயே பாயைப் போட்டார். கொஞ்ச நாள் கழித்துச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, ஊதாவில் குடியிருக்கக் கூடாது என்று. அதற்குத்தான் அந்தப் புகார். இரண்டாவது கடிதத்துக்கு கார்ப்பரேஷன் ஆபீசர் நேரிலேயே வந்துவிட்டார்.

"புகார் குடுத்தது யாருங்க?"

"நான்தான் சார்."

"யார் மேல?"

"என் மேலதான் சார். தோ, பாயி கீது, ஸ்டவ்வு கீது. எய்திக்கோங்க."

ஆபீசர் ஒரு டீ வாங்கிக் குடித்தார். "காவல்காரர்னா தங்கலாம் பெரியவரே, ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே எச்.பி. தன்னைக் காவல்காரராக நியமித்து உத்தரவு எழுதினார். முதலாளி என்று ஒரு கையெழுத்து, காவல்காரர் என்று ஒரு கையெழுத்து. மறுநாளிலிருந்து ஆறு மணி அடித்தால் லேத்தை நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டை மாட்டிக்கொள்வார். அதற்கு மேல் கடைசல் வேலை என்று யாராவது வந்தால், "மொதலாளி இல்ல நைனா, காலீல வா" என்பார். ஒருமுறை ஜுரத்தில் படுத்தபோது காவல்காரர் லீவு கேட்டாராம். முதலாளி தரவில்லை.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்துச் சுவரில் என் மோட்டார் பத்து எச்.பி. என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது. மிளகாய், மஞ்சள், சீயக்காய் எல்லாம் அதில்தான். என் இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தது அந்த மோட்டார்தான். எதிரே பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டும்வரை ஒரு தொல்லையும் இல்லை. ஃப்ளாட்டில் குடிவந்த மாமி ஒருநாள் டப்பாவோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, உன் மிளகாய் நெடி எங்காத்து பூஜை ரூம் வரைக்கும் வந்துண்டிருக்கு. மாமா தும்மிண்டே ஸ்லோகம் சொல்றார்."

"டப்பால என்ன மாமி?"

"மிளகாய்தான். அரைச்சுக் குடு."

அடுத்த மாதம் கார்ப்பரேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் மோட்டாரை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மில்லுக்குச் சீல். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் நேரே பட்டறைக்குப் போனேன். அண்ணே என்று கூப்பிடுகிறவள் அன்றைக்கு மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

"யோவ், இது உன் வேலைதானே?"

"நா போட்டா பேரு போட்டுத்தாம்மா போடுவேன். இது எவனோ மொட்டக் கடுதாசி போட்டுகீறான்." நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா விசயம் கரீட்டு. மஞ்சள்ல பத்து எச்.பி. தப்புதான்."

"இத்தனை வருஷமா பக்கத்துலயே இருக்க. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"பேப்பர எடுப்பேன். நீ மொளகா அரைக்க ஆரமிப்ப. தும்மல் வந்துரும். மூடி வெச்சிருவேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து எச்.பி.யில் சீயக்காய் அரைபடாது. மூட வேண்டியதுதான் என்று நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை சுவரில் சம்மட்டி விழும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த சுவரில் ஓட்டை. ஓட்டைக்குள் எச்.பி. தலை.

"மில்லு இங்க வரட்டும்மா. ஊதால பத்து எச்.பி. ஓடலாம். என் லேத்து ரெண்டு எச்.பி.தான், அது மஞ்சளுக்குப் போட்டும். நானும் அங்க சட்டப்படி குடியிருப்பேன்."

"என் இடம் உன் பட்டறையில பாதிகூட இல்லையே அண்ணே."

"ஒரு லேத்து, ஒரு பாயி. இன்னாத்துக்குப் பெருசு?"

"எனக்காகவா இதெல்லாம்?"

"உனுக்காவ இல்ல. மேப்புக்காவ."

இரும்புக் குழாய்களை அடியில் உருளவிட்டு மில்லை நகர்த்தினோம். இணைப்பை மாற்றி வாங்க கரண்ட் ஆபீசில் எனக்காக மூன்று நாள் நின்றவரும் அவர்தான். கெடு முடிந்த அன்று அதே ஆபீசர் வந்து, மோட்டாரைப் பார்த்து, மேப்பைப் பார்த்து, சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பட்டறை ஜன்னல் கால்வாயைப் பார்த்து இருந்ததால் நெடியும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மாமா தும்மாமல் ஸ்லோகம் சொல்கிறார் என்று மாமியே வந்து சொன்னாள்.

மஞ்சள் இடத்தில் எச்.பி. ஆறு வருஷம் இருந்தார். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் லேத்தும் பாயும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. செல்போன் கடைக்கு, ஜூஸ் கடைக்கு என்று அந்த இடத்தைக் கேட்டு வாரம் ஒருவர் வருகிறார். "இங்க அதெல்லாம் வைக்கக் கூடாதுப்பா, சட்டம் இருக்கு" என்று அனுப்பிவிடுகிறேன். அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நான் போட்டதுதான்.