ரசமட்டம் வைத்த ரேடியோ

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரேடியோவில் என் மகளின் பேரை வாசிக்கப் போகிறார்கள். எங்கள் வீட்டில் ரேடியோ பேசவில்லை. ரேடியோவைப் பழுது பார்க்கிறவர் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்.

அவர் என் கணவர். முப்பத்திரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக். எத்தனையோ ஆயிரம் பேரை மேலே ஏற்றி, கீழே இறக்கி, பத்திரமாகக் கதவைத் திறந்துவிட்டவர். தன் விஷயத்தில் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கு நின்றவர்தான். "அவ பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்றார். நானும் எடுக்கவில்லை. மனசுக்குள் எடுக்க அவர் அனுமதி தேவைப்படாததால் பிழைத்துக் கிடந்தேன்.

இப்போது அவளுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். வயிற்றில் கட்டி. "பயப்பட ஒண்ணுமில்லை" என்று டாக்டர் சொன்னாராம். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை நிகழ்ச்சியில் நோயாளிகளின் பேரை வாசிப்பார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே வேண்டிக்கொள்வார்கள். போன் போட்டுப் பேர் கொடுத்தேன். "அப்பா பேரு, வீட்டு விலாசம், ஆஸ்பத்திரி எல்லாம் சொல்லுங்கம்மா. ஒரே பேர்ல நிறையப் பேர் இருக்காங்க, வேண்டுதல் மாறிப் போயிடக் கூடாது பாருங்க" என்றது போனை எடுத்த பெண். கடவுளுக்கு விலாசம் தேவையில்லைதான். ஆனாலும் சொன்னேன். இந்த மனுஷருக்குத் தேவைப்படும் என்று தோன்றியது.

கேட்பதற்குத்தான் வழியில்லை. அந்த நிலையம் போன மாதம் பழைய அலைவரிசையை மூடிவிட்டு டிஜிட்டலுக்குப் போய்விட்டது. சமையலறையில் பதினெட்டு வருஷம் என்னோடு பேசிய டிரான்சிஸ்டர் ஒருநாள் காலை "உஸ்ஸ்" என்று பெருமூச்சு விட்டதோடு சரி. கடையில் கைக்கு அடக்கமாக டிஜிட்டல் ரேடியோ இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாடும். அதுதான் அவருக்கு ஆகவில்லை. அழுத்தின உடனே பாடிவிட்டால் இவருக்கு அங்கே என்ன மரியாதை?

"லேப்டாப் சும்மா கிடக்கும்போது தனியா ஒரு ரேடியோ எதுக்கு?" என்று கட்டைவிரல் அளவுக்கு ஒரு யுஎஸ்பி டியூனர் வாங்கி வந்தார். அதை லேப்டாப்பின் விலாவில் குத்தினார். அதன் வாலில் ஒரு குச்சி ஏரியலை மாட்டினார். கேட்டது. தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை முக்கிக்கொண்டு நாலு பேர் சண்டை போடுகிற மாதிரி கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

அன்றைக்கு ஆரம்பித்தது விசாரணை. குற்றவாளி எப்போதும் என் கட்சி ஆளாகத்தான் இருக்கும்.

"மிக்ஸியை நிறுத்து."

நிறுத்தினேன்.

"பிரிட்ஜை அணை."

அணைத்தேன். பால் கெட்டது. ரேடியோ திருந்தவில்லை.

"அங்க என்ன மினுக்கு மினுக்குன்னு எரியுது?"

"நான் பிரார்த்தனை பண்ற மூலைங்க. சின்ன எல்இடி விளக்கு."

"அதான் பாரு! அதுதான் இரைச்சலைக் கிளப்புது!" என்று பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருட்டுல எப்படிங்க படிக்கறது?"

"முப்பது வருஷமா அதே புத்தகத்தைத்தானே படிக்கறே. இன்னும் மனப்பாடம் ஆகலையா?"

இருட்டில் உட்கார்ந்து, 'என் வாயைக் காவல் காத்துக்கொள் சாமி' என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அது மனப்பாடம்தான்.

புதன்கிழமை, "டிரைவரைத் தூக்கிட்டு மறுபடி போடணும்" என்றார். எனக்குப் பகீர் என்றது. எங்கள் கீழ்வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், நல்ல கனமான ஆள். இவர் சொன்னது லேப்டாப்புக்குள் இருக்கிற டிரைவராம். தூக்கினார், போட்டார். நிலையம் தேடச் சொன்னார். அது பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் எண்ணிவிட்டு, 'கிடைத்தவை: பூஜ்யம்' என்று முடித்தது. எங்கள் குடும்பக் கணக்கும் நாலு வருஷமாக அப்படித்தான் முடிகிறது.

கீழ்வீட்டு டிரைவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மெக்கானிக்கே, ஸ்டேஷன் வந்துச்சா, இன்னும் ரோட்டுலயேதான் நிக்கறீங்களா?"

"வரும் வரும். சிக்னல் பிரச்சினை."

"சிக்னல்ல நானும் நின்னிருக்கேன். பத்து நாள் நின்னதில்லை."

அவர் இங்கே குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வெளியூரில் இருக்கும் மகனைத் தவிர எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை என்றே நினைத்திருந்தார். என் கணவர் அந்த நினைப்பைத் திருத்தவில்லை. ஊரில் உள்ள லிப்டையெல்லாம் திருத்தினவர்.

டவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க என் கணவர் மொட்டை மாடிக்குப் போன நேரத்தில் மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை.

"அம்மா, டியூனரை லேப்டாப்லயே நேரா குத்தியிருக்காரா?"

"ஆமாம்மா."

"ஒரு மீட்டர் ஒயர் போட்டுத் தள்ளி வைக்கணும். சார்ஜர் மாட்டியே ஓட்டறாரா?"

"ராத்திரி பகலா மாட்டியிருக்கு."

"அதைப் பிடுங்கிட்டா பாதி இரைச்சல் போயிடும். ஏரியல் எங்கம்மா இருக்கு?"

"பீரோ மேல. படுக்க வச்சிருக்கார். ரசமட்டம் வச்சுப் பாத்து, குமிழி நட்ட நடுவுல நிக்குதான்னு மூணு தடவை சரி பண்ணினார்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் வயிறு வலித்தது போலிருக்கிறது, "அம்மா..." என்று நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அதை நிமிர்த்தி ஜன்னல்ல நிக்க வைக்கணும்மா. படுத்திருந்தா ஒண்ணும் எடுக்காது."

"சரிம்மா."

"அப்பாவுக்கு என் யோசனை மட்டும் வேணும், நான் வேணாம். அப்படித்தானே?"

"அவருக்கு உன் யோசனைன்னு தெரியாதேம்மா."

"தெரிஞ்சா ஏரியலைப் புதைச்சே வச்சிடுவார்" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இனி அவரிடம் இதை எப்படிச் சொல்வது? நேராகச் சொன்னால் நடக்காது. நான் இடது என்றால் வலதுபக்கம் திரும்புகிறவர். அது பழகின வழிதான். 'பொய் சொல்லப் போறதில்லை சாமி, வேண்டாம்னு மட்டும்தான் சொல்லப் போறேன்' என்று அனுமதி கேட்டேன். மறுப்பு வரவில்லை.

வியாழக்கிழமை ஆரம்பித்தேன்.

"ஏங்க, அந்தச் சார்ஜரை மட்டும் கழட்டிடாதீங்க. பேட்டரி தீந்துபோனா எல்லாம் அழிஞ்சிடுமாம்."

"யாரு சொன்னா? பேட்டரி எதுக்கு இருக்கு? அழகு பாக்கவா?"

பிடுங்கினார். தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தவர்கள் தலையை வெளியே எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடி முங்கினார்கள். அவர் துள்ளிக் குதித்தார்.

"பாத்தியா! சார்ஜர்தான்! எனக்கு முதல்லயே சந்தேகம்!"

"அப்ப என் பல்பு?"

"அது வேற சந்தேகம்."

பல்பு வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவருடைய ஒயர் பெட்டியைக் கையில் எடுத்து, "இந்த நீட்டு ஒயரை எல்லாம் தூக்கிப் போட்டுடட்டுமா? டியூனர்தான் நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கே, அதைத் தள்ளி வச்சு என்ன ஆகப் போகுது?" என்றேன். பெட்டி என் கையிலிருந்து பறந்தது. மத்தியானத்துக்குள் டியூனர் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை ஏரியல். அதுதான் கஷ்டம். ரசமட்டம் அவருக்குக் கை மாதிரி.

"ஏங்க, படுத்தே இருக்கட்டும். ஜன்னல்ல நட்டுக்க நிமித்தி வச்சா பாக்கறவங்க சிரிப்பாங்க. அப்புறம் நேரா இருக்கா கோணலா இருக்கான்னு உங்களால எப்படிப் பாக்க முடியும்? ரசமட்டம் படுக்கறதுக்குத்தானே?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷ மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வியா?

"தூக்குக்குண்டு எதுக்கு இருக்கு?" என்று கத்தினார். பரணிலிருந்து நூலும் குண்டும் இறங்கின. ஜன்னலில் ஏரியல் நிமிர்ந்தது. நூல் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மயிரிழை பிசகாமல் நிறுத்தினார். லேப்டாப்பைத் தேடச் சொன்னார்.

'கிடைத்தவை: இருபத்தேழு.'

வீடு முழுக்கப் பேச்சு, பாட்டு, விளம்பரம். ஒரு ஸ்டேஷன் விடாமல் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். "எல்லாம் நானே யோசிச்சு யோசிச்சுப் பண்ணினது" என்றார். நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மகளின் யோசனை பேசுகிறது, பெற்றவரின் பேரில்.

சாயங்காலம் கடைசி வேலையும் முடிந்தது.

"ஏங்க, நாளைக்குக் கீழ்வீட்டு அண்ணனை மட்டும் கூப்பிடாதீங்க. அந்த நேரம் பாத்து கொரகொரன்னா மானம் போயிடும்."

"கூப்பிடத்தான் போறேன்!"

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு டிரைவர் அண்ணன் சோபாவில். என் கணவர் லேப்டாப் முன்னால், புது லிப்ட் திறப்பு விழாவுக்கு வந்தவர் மாதிரி. நான் கதவோரம்.

"எந்த ஸ்டேஷன் வேணும்? சொல்லுங்க" என்றார்.

"தங்கச்சி கேக்கறதையே வைங்க மெக்கானிக்கே."

வைத்தார். நிகழ்ச்சி நடத்துபவர் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

"பாத்தீங்களா? ஒரு எழுத்து சிந்தாம வருது. இதுல தப்பாக் கேக்க வழியே கிடையாது."

"ஒத்துக்கறேன்" என்றார் டிரைவர்.

பேர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது வேண்டுதலில் முதலில் என் கணவர் பேர். பிறகு எங்கள் தெரு, கதவு எண், மூன்றாம் மாடி. 'அவருடைய மகள்' என்று சொல்லி அவள் பேர். ஆஸ்பத்திரியின் பேர். "நாளை காலை அறுவை சிகிச்சை. இந்தச் சகோதரிக்காக வேண்டிக்கொள்வோம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டினேன். வேண்டும்போதே ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். மன்னிக்கட்டும்.

அவர் கை மவுஸைத் தேடியது. டிரைவர் முந்திக்கொண்டார்.

"மெக்கானிக்கே, உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"அது... வேற யாரோ."

"வேற யாரோவா? உங்க பேரு, இதே கதவு நம்பரு, இதே மூணாம் மாடி?"

"அப்படியா கேட்டுச்சு?"

"அப்படித்தானே கேட்டுச்சு. ஓ... அப்ப உங்க மிஷின் எதையோ கலந்தடிச்சுச் சொல்லுது போல. நான் அன்னிக்கே நெனச்சேன். ரேடியோன்னா ரேடியோவா இருக்கணும். இந்தக் குச்சியெல்லாம் நம்ப முடியாது."

என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிப்ட் ஒருமுறை குலுங்கியது. மேலே போனால் மகள். கீழே போனால் மிஷினின் மானம் போய்விடும்.

"என் மிஷின் தப்பா எடுக்காது" என்றார்.

"அப்ப பொண்ணு?"

மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"என் பொண்ணுதான்."

நாலு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காக அழுதிருக்கிறேன். முழங்கால் காய்த்துப்போக வேண்டியிருக்கிறேன். இருட்டிலும் வேண்டினேன். அந்த வார்த்தை கடைசியில் வந்தேவிட்டது. மகளுக்காக வரவில்லை. எனக்காக வரவில்லை. கட்டைவிரல் அளவு டியூனரின் மானத்தைக் காப்பாற்ற வந்தது. எதற்காக வந்தது என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்ப எனக்குத் தெம்பு இல்லை. எடுத்துக்கொண்டேன்.

டிரைவர் எழுந்துவிட்டார். "நாளைக்கு ஆபரேஷன்னு சொல்றாங்க, நீங்க இங்க ரேடியோ கேட்டுட்டு இருக்கீங்க! அஞ்சு நிமிஷம். காரைத் திருப்பி வாசல்ல நிறுத்தறேன். கிளம்புங்க."

படியில் அவர் காலடிச் சத்தம் இறங்கியது. என் கணவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் லேப்டாப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ போயிட்டு வா. எனக்கு இங்க ரேடியோ வேலை கொஞ்சம் இருக்கு."

நான் அவருடைய சலவைச் சட்டையைப் பீரோவிலிருந்து எடுத்து உதறி நீட்டினேன்.

"அதான் ஒரு எழுத்து சிந்தாம வருதேங்க. இனிமே உங்களுக்கு இங்க என்ன வேலை?"